சரக்கு லைன் புறநகர் லைனைத் தாண்ட வேண்டும்: 11க்கு 8 அடி ரூமில் ஏற்றம் எப்படிப் போடுவது?

மொட்டைமாடி ஜங்ஷன் (பழைய வண்ணாரப்பேட்டை)

எல்லோருக்கும் வணக்கம். மொட்டை மாடி ரூமில் என் மாடல் ரயில் லேஅவுட் ஓட ஆரம்பித்துவிட்டது. அளவு எச்ஓ, அதாவது நிஜ ரயிலில் 87-ல் 1 பங்கு. ரூம் 11 அடிக்கு 8 அடி. சுவரை ஒட்டி நாலு பக்கமும் பலகை, கதவு இருக்கும் இடத்தில் மட்டும் தூக்கி வைக்கிற துண்டு. இரண்டு லைன்: வெளிச்சுற்று சரக்கு, உள்சுற்று புறநகர் மின்ரயில். மூலை வளைவு வெளியே 60 செ.மீ. ஆரம், உள்ளே 54. கீழே இரும்புச் சட்டம், மேலே 12 மி.மீ. பிளைவுட்.

எல்லாம் ஒரே மட்டமாக இருப்பதுதான் சிக்கல். ஓடுகிறது, ஆனால் பார்க்க ஒன்றுமில்லை. சரக்கு லைன் ஒரு இடத்தில் பாலம் ஏறி புறநகர் லைனைத் தாண்டிப் போக வேண்டும் என்று ஆசை. விசாரித்தால் 10 செ.மீ. தூக்கு என்கிறார்கள். தெர்மோகோல் ஆப்பு வைத்து 3 சதவீதம், 4 சதவீதம் என்று வீடியோக்களில் ஏற்றுகிறார்கள். என்னிடம் இருப்பது ஒரு டபிள்யூடிஎம்-3டி டீசல் இன்ஜின், 14 பாக்ஸ்என் (திறந்த சரக்கு) வேகன். ஏறுமா? எங்கிருந்து ஆரம்பிப்பது?

கொருக்குப்பேட்டை கேபின்

தம்பி, முதலில் தூரத்தைக் கணக்குப் பாருங்கள், அப்புறம் ஆப்பு வாங்கலாம்.

உங்கள் ரூமில் சுவரிலிருந்து 15 செ.மீ. தள்ளி லைன் போட்டிருந்தால் வெளிச்சுற்று மொத்தம் சுமார் 9 மீட்டர். 2 சதவீதம் என்றால் 1 மீட்டருக்கு 2 செ.மீ. 10 செ.மீ. ஏற 5 மீட்டர், இறங்க 5 மீட்டர். இப்போதே ரூமைத் தாண்டிவிட்டீர்கள். 3 சதவீதம் போட்டால் ஏற 3.3, இறங்க 3.3, நடுவில் பாலத்துக்கு ஒன்றரை மீட்டர், மேலும் கீழும் சரிவு மெதுவாகத் தொடங்கி முடிய ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ரூம் தீர்ந்துபோச்சு. ஸ்டேஷன் எங்கே வைப்பீர்கள்? யார்டு எங்கே? சுற்று முழுக்க வாட்டத்தில்தான் நிற்கும்.

இன்னொன்று. நாங்கள் வேலை பார்த்த காலத்தில் சதவீதம் பேசமாட்டோம்; 100-க்கு 1, 200-க்கு 1 என்போம். நீங்கள் சொல்லும் 3 சதவீதம் 33-க்கு 1. மும்பை–புணே பாதையில் கர்ஜத்திலிருந்து லோனாவ்லா ஏறுகிற போர் காட் 37-க்கு 1. அங்கே பின்னால் பேங்கர் இன்ஜின் மாட்டித்தான் தள்ளுகிறார்கள். அதைவிடச் செங்குத்தாக ஒரு ஏற்றத்தை வண்ணாரப்பேட்டையில் வைக்கப் பார்க்கிறீர்கள்!

ஒரு விஷயம் கவனித்தீர்களா? இரண்டு மூடிய சுற்றில் ஒன்று மற்றொன்றை ஒரு தடவை தாண்டினால், திரும்ப ஒரு தடவை தாண்டியே ஆக வேண்டும். ஆக, ஒரு பாலம் இல்லை, இரண்டு. அதையும் சேர்த்துப் பிளான் வரையுங்கள்.

பேங்கர் பிரியன் (பெரம்பூர்)

கேபின் சார் சொல்வது நிஜ ரயிலுக்கு. மாடலில் 3 சதவீதம் எல்லோரும் போடுவதுதான். ஏற்றம் இருந்தால்தான் இன்ஜின் திணறுவதைப் பார்க்கலாம். பின்னால் ஒரு பேங்கர் மாட்டினால் ஆட்டமே வேறு. சமதளத்தில் வட்டமடிப்பதற்கு எதற்கு லேஅவுட்?

நிஜத்துக்கே வாருங்கள், நம்ம ஏரியா மெட்ரோ ஏறவில்லையா? தண்டையார்பேட்டை ஸ்டேஷன் தரைக்குக் கீழே. அடுத்த ஸ்டேஷன் புதிய வண்ணாரப்பேட்டை தூணுக்கு மேலே. நடுவில் இருக்கும் கொஞ்ச தூரத்துக்குள் சுரங்கத்திலிருந்து வெளியே வந்து மேம்பாலத்துக்கே போய்விடுகிறது. 2021-ல் அந்தப் பாதை திறந்ததிலிருந்து அந்த இடம் வந்தால் நான் ஜன்னலை விட்டு நகர்வதில்லை.

கொருக்குப்பேட்டை கேபின்

மெட்ரோவில் பல பெட்டிகளில் மோட்டார் இருக்கிறது. பல சக்கரங்கள் சேர்ந்து இழுக்கின்றன. தம்பியிடம் இருப்பது ஒரு இன்ஜின், பின்னால் 14 பாரம். மெட்ரோவைச் சாட்சிக்குக் கூப்பிட்டால் கேஸ் நிற்காது.

சரக்கு ரயிலுக்கு ஏற்றம் என்ன செய்யும் என்பதற்கு ஒரு கணக்கு. மட்டப் பாதையில் மெதுவாக ஓடும்போது ஒரு டன்னை நகர்த்தச் சில கிலோ விசை போதும். 100-க்கு 1 ஏற்றம் வந்தால் ஒரு டன்னுக்கு இன்னும் 10 கிலோ சேர்கிறது. மட்டத்தில் தேவைப்படுவதைப் போலப் பல மடங்கு. அதனால்தான் பாதை போடுகிறவர்கள் மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரப்பி, சுற்றிச் சுற்றிப் போயாவது ஏற்றத்தைக் குறைத்தார்கள்.

இருபத்தைந்து கேவி (ராயபுரம்)

'ஏறுமா' என்று கேட்டிருக்கிறார், அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. நான் போட்டுப் பார்க்கிறேன். எல்லாம் தோராயம்தான்.

பாக்ஸ்என் வேகன் நிஜத்தில் 10.7 மீட்டர், எச்ஓவில் 12 செ.மீ. சொச்சம். அந்த நீளத்துக்குப் பரிந்துரைக்கும் எடை 97 கிராம் அளவில் வரும். 14 வேகன் 1,360 கிராம். இன்ஜின் 400 கிராம் என்று வைத்துக்கொள்வோம்; சக்கரம் வழுக்காமல் தன் எடையில் 22 சதவீதம் வரை இழுக்கும் என்றால் 88 கிராம்.

வேகன் உருளுவதற்கே எடையில் 2 சதவீதம் போகும்: 27 கிராம். 3 சதவீத ஏற்றம்: 41. ஏற்றம் மூலையில் வந்தால் வளைவின் உராய்வும் சேரும். எச்ஓவில் அதற்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது: 32-ஐ அங்குல ஆரத்தால் வகுத்தால் அது எத்தனை சதவீத ஏற்றத்துக்குச் சமம் என்று வரும். 60 செ.மீ. என்றால் 1.35 சதவீதம், அதாவது இன்னும் 18 கிராம். மொத்தம் 86. இன்ஜின் தன்னையும் தூக்க வேண்டும், அதற்கு 12 போனால் மிச்சம் 76. ஆக, 3 சதவீதத்தில் வளைவில் நின்றுவிடும், சக்கரம் மட்டும் சுற்றும்.

2 சதவீதத்தில் தேவை 73, கையில் 80. முக்கி முனகி ஏறிவிடும்.

என் எண்களை நம்ப வேண்டாம், நீங்களே அளக்கலாம். ஒரு மீட்டர் பலகையில் ஃபிளெக்ஸ் டிராக் (வளைக்கக்கூடிய தண்டவாளம்) ஒட்டி, வேகனை வைத்து, ஒரு முனையை மெதுவாகத் தூக்குங்கள். லேசாகத் தொட்டுவிட்டதும் நிற்காமல் உருண்டால், முனை எத்தனை செ.மீ. உயரத்தில் இருக்கிறதோ அத்தனை சதவீதம் உங்கள் வேகனின் தடை. சக்கர அச்சைச் சுத்தம் செய்த வேகனுக்கும் செய்யாத வேகனுக்கும் வித்தியாசம் அங்கேயே தெரியும்.

எண்ணூர் அலை

நான் காட்சி அமைப்பு பார்க்கிறவள், கணக்கு வராது. ஆனால் எல்லோரும் ஒரே பக்கம் இழுக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. இன்ஜினை எப்படி மேலே ஏற்றுவது என்றே பேசுகிறீர்களே, ஏன் ஏற்ற வேண்டும்?

வட சென்னையில் மலை எங்கே இருக்கிறது? ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கைவைத்துத் தடவினது மாதிரி சமதளம். ஆனாலும் மேடு பள்ளம் இல்லாமலா இருக்கிறது? வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே ரயில் நேராகப் போகிறது, ரோடுதான் குனிந்து கீழே போகிறது. பேசின் பிரிட்ஜ் பக்கம் ரோடு எழும்பி மேம்பாலத்தில் தாண்டுகிறது, அங்கேயும் ரயில் அசையவில்லை. பக்கிங்ஹாம் கால்வாய் குறுக்கே வந்தால் தரைதான் இறங்குகிறது. நம்ம ஊரில் ரயில் ஏறுவதில்லை. தரையும் ரோடும்தான் அதற்காக வளைந்துகொடுக்கின்றன.

கண்ணுக்கு உயரம் தெரிவது ரயில் எவ்வளவு ஏறியது என்பதால் இல்லை. ரயிலுக்குக் கீழே எவ்வளவு ஆழம் தெரிகிறது என்பதால்தான். லைனை அப்படியே மட்டமாக விட்டு, அதன் கீழே 5 செ.மீ. பள்ளத்தில் கறுப்புத் தண்ணீரும் ஆகாயத்தாமரையும் வைத்தால், பார்க்கிறவர்கள் ரயில் உயரத்தில் போகிறது என்பார்கள்.

அதனால் என் யோசனை: பலகை முழுக்க 50 மி.மீ. எக்ஸ்பிஎஸ் ஃபோம் (கெட்டியான நுரைப் பலகை) ஒட்டுங்கள். இனி ஃபோமின் மேல்பரப்புதான் உங்கள் தரை. இப்போது கீழே போகவும் 5 செ.மீ. கையில் இருக்கிறது. கால்வாய் வேண்டுமா, வெட்டுங்கள். புறநகர் லைன் தாழ்ந்து போக வேண்டுமா, வெட்டுங்கள். சரக்கு லைன் பாதி ஏறட்டும், புறநகர் லைன் பாதி இறங்கட்டும்.

மொட்டைமாடி ஜங்ஷன்

அக்கா, இது எனக்குத் தோன்றவே இல்லை. பிளைவுட்டை அறுத்துப் புறநகர் லைனைக் கீழே இறக்கலாமா என்று யோசித்தேன், ஆனால் அடியில் 40 செ.மீ.க்கு ஒரு குறுக்குச் சட்டம் வெல்டு செய்திருக்கிறது, அதோடு விட்டுவிட்டேன். ஃபோம் போட்டால் சட்டத்தைத் தொடவே வேண்டாம்.

ஆனால் பாதிப் பாதி என்றால் 5 ஏறி 5 இறங்க வேண்டும். 50 மி.மீ. ஃபோமில் 5 வெட்டினால் பிளைவுட் தெரியும். போதுமா?

கொருக்குப்பேட்டை கேபின்

10 எதற்கு என்று யாராவது கேட்டீர்களா? அந்த 10 செ.மீ. அமெரிக்கக் கணக்கு. அங்கே உயரமான பெட்டிகள் போகும், அதனால் தண்டவாளத் தலையிலிருந்து பாலத்தின் அடிவரை 3 அங்குலம், அதாவது 76 மி.மீ. விடுவார்கள். அதன்மேல் பாலத்தின் கனம்.

நம்ம பாதையில் மின்கம்பி சாதாரணமாக 5.5 மீட்டரில் போகும். 87-ஆல் வகுத்தால் 63 மி.மீ. பழைய பாலங்களுக்கு அடியில் கம்பியை 5 மீட்டருக்கும் கீழே தாழ்த்திக் கொண்டுபோவார்கள். அது மாடலில் 57-க்கும் கீழே. ஆக 65 மி.மீ. விட்டால் போதும், பெட்டிக்கு மேலே கம்பியைத் தொடும் பான்டோகிராஃப் தட்டாது. அதன்மேல் பாலத்தின் கனம் 15 மி.மீ. தலைக்குத் தலை 80. சரக்கு லைன் 4 செ.மீ. ஏறட்டும், புறநகர் லைன் 4 செ.மீ. இறங்கட்டும். ஃபோமில் 1 செ.மீ. மிச்சம் நிற்கும், அது அடித்தளம்.

4 செ.மீ.க்கு 2 சதவீதத்தில் 2 மீட்டர். சரிவு தொடங்க, முடியக் கொஞ்சம் சேர்த்து 2.3 மீட்டர் என்று வையுங்கள். ஏற 2.3, பாலமும் நடுவும் 1.5, இறங்க 2.3: மொத்தம் 6.1. வெளிச்சுற்றில் 3 மீட்டர் மட்டமாக மிஞ்சுகிறது. உங்கள் 14 வேகனும் இன்ஜினும் சேர்ந்து 2 மீட்டர்கூட இல்லை. யார்டில் நிற்க இடம் இருக்கிறது.

அந்த யார்டை மட்டும் தயவுசெய்து சுத்தமான மட்டத்தில் வையுங்கள். ரயில்வேயில் ஸ்டேஷன் யார்டுக்கு 400-க்கு 1-ஐ விடச் சரிவு கூடாது, முடிந்தால் 1,200-க்கு 1 என்பது விதி. நிறுத்திவைத்த வேகன் தானாகக் கிளம்பிப் போகக்கூடாதே. மாடல் வேகனுக்கும் அதே குணம்தான். கழற்றி நிறுத்தினால் மெதுவாக நழுவிப் போய், பாதை பிரிகிற பாயிண்டில் நிற்கும்.

பேங்கர் பிரியன்

சரி சார், ஒப்புக்கொள்கிறேன், ரூமுக்கு 2 சதவீதம்தான் சரி. ஆனால் ஒன்று சொல்கிறேன். 7 கிராம் மிச்சத்தில் இன்ஜின் ஏறுகிறது என்றால் இன்னும் இரண்டு வேகன் மாட்டினால் நின்றுவிடும். 16 வேகன் வைத்து, ஏற்றத்தின் அடியில் ஒரு பேங்கர் நிறுத்தினால் எனக்கும் வேலை கிடைத்துவிடும். பிளானில் அடிவாரத்தில் ஒரு சின்ன சைடிங் (ஒதுங்கி நிற்கிற பாதை) வைக்க முடியுமா?

இருபத்தைந்து கேவி

வைக்கலாம். ஆனால் பேங்கர் தள்ளும்போது வளைவில் நடு வேகன் லேசாக இருந்தால் வெளிப்பக்கம் துள்ளி விழும். முன்னால் மட்டும் இழுத்தால், உள்பக்கம் சாயும். எல்லா வேகனும் ஒரே எடையில் இருக்கிறதா என்று முதலில் தராசில் வைத்துப் பாருங்கள். காலி வேகனை நடுவில் மாட்டாதீர்கள்.

தச்சுப்பட்டறை (காசிமேடு)

எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து படகு வேலை, மர வேலை. அதனால் வாட்டம் கொடுக்கிற வேலையை மட்டும் நான் சொல்கிறேன்.

ஏற்றத்தைக் கெடுப்பது சரிவு இல்லை. சரிவு தொடங்குகிற இடமும் முடிகிற இடமும்தான். மட்டமான பலகை ஒரு மூட்டில் சட்டென்று எழும்பினால் அங்கே ஒரு முழங்கை மடிப்பு விழும். மூன்று அச்சு போகி (சக்கரச் சட்டம்) இருக்கிற இன்ஜின் அங்கே நடுச்சக்கரத்தில் தொங்கும், இல்லாவிட்டால் முன்சக்கரம் தூக்கிக்கொள்ளும். பெட்டிகளை இணைக்கும் கப்ளிங் ஒன்று மேலே, ஒன்று கீழே போய்த் தானாகக் கழன்றுவிடும். நீளமான பெட்டி என்றால் இன்னும் மோசம். பயணிகள் ரயிலின் பழைய ஐசிஎஃப் பெட்டி எச்ஓவில் கிட்டத்தட்ட 24.5 செ.மீ., புதிய எல்எச்பி 27.

அதனால் ஏற்றப் பலகைக்கு 12 மி.மீ. வேண்டாம், 6 மி.மீ. பிளைவுட். 8 செ.மீ. அகலப் பட்டையாக அறுத்துக்கொள்ளுங்கள். தொடங்குகிற இடத்துக்கு முன்னாலேயே மட்டத்தில் ஒரு முழம் நீளத்துக்குத் திருகி அடக்கிவிடுங்கள். அங்கிருந்து கையால் தூக்கினால் பட்டை தானே மெதுவாக வளைந்து எழும். அந்த வளைவை மதித்து அடியில் முட்டுக் கொடுக்க வேண்டும், நாம் ஒன்றும் புதிதாகச் செய்ய வேண்டியதில்லை. பட்டை வளைந்து எழுகிற முதல் 30 செ.மீ.க்குள் அதில் மூட்டு வரக்கூடாது, தண்டவாள மூட்டும் வரக்கூடாது, பாயிண்ட் வரவே கூடாது.

அளவு: தொடக்கத்திலிருந்து 15 செ.மீ.யில் கால் நூல், 30-ல் ஒரு நூல் (நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒன்று). அதற்கப்புறம் 25 செ.மீ.க்கு ஒரு முட்டு, ஒவ்வொன்றும் முன்னதைவிட 5 மி.மீ. உயரம். மேலே முடிகிற இடத்தில் இதையே திருப்பிப் போடுங்கள். கால் நூலுக்கு மரம் இழைக்க முடியாது. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை இரண்டு மூன்று வைத்தால் சரியாக வரும். மஞ்சள் தடவிய மூலையை மட்டும் வெட்டிவிடுங்கள், பசை ஒட்டாது.

சரிபார்க்க ஆப் வேண்டாம். 1 மீட்டர் அலுமினியச் சட்டம் ஒன்று, அதன் இறக்கத்துப் பக்க முனைக்கு அடியில் சரியாக 20 மி.மீ. கட்டை ஒட்டிக்கொள்ளுங்கள். மேலே ரசமட்டம். ஏற்றத்தில் வைத்தால் குமிழ் நடுவில் நிற்க வேண்டும். நின்றால் 2 சதவீதம். ஏற்றத்துப் பக்கம் ஓடினால் சரிவு கூடிப்போச்சு, அந்த முட்டுக்கட்டையைத் தட்டுங்கள். அரை மீட்டர் நகர்த்தி மறுபடி வையுங்கள்.

தண்டவாளம் ஏறும்போது பக்கவாட்டிலும் மட்டம் பாருங்கள். ஏற்றத்தையே கவனித்துக்கொண்டு பட்டை ஒரு பக்கம் சாய்ந்திருப்பதை விட்டுவிடுவார்கள். வளைவில் இது நடந்தால் வண்டி கவிழும்.

மொட்டைமாடி ஜங்ஷன்

அண்ணே, கோடி நன்றி. பிளைவுட் எது வாங்குவது? ரூம் மே மாதம் சூளை மாதிரி கொதிக்கும், ஐப்பசி கார்த்திகையில் சுவரே வியர்க்கும்.

தச்சுப்பட்டறை

முத்திரை பார்த்து வாங்குங்கள். ஐஎஸ் 710 என்றால் மரைன் பிளை, கொதிநீரிலும் பிரியாத பசை. ஐஎஸ் 303-ல் எம்ஆர், பிடபிள்யூஆர் என்று இரண்டு வரும். எம்ஆர் மழைக்காலத்தில் உப்பும். ஏற்றப் பட்டைக்கு மட்டுமாவது 710 போடுங்கள், ஒரு ஷீட்டுக்குமேல் தேவைப்படாது. அறுத்ததும் ஓரங்களுக்கும் அடிப்பக்கத்துக்கும் ஒரு கோட் பெயின்ட் அடித்துவிடுங்கள். மேல்பக்கம் மட்டும் பெயின்ட் அடித்து அடியைச் சும்மா விட்டால், ஈரம் ஒரு பக்கமாக ஏறி முறுக்கிக்கொள்ளும்.

திருகு பித்தளை அல்லது எவர்சில்வர். நம்ம பக்கத்து உப்புக்காற்றில் இரும்புத் திருகு வேலைக்கு ஆகாது. கடலிலிருந்து நீங்கள் கொஞ்சம் தள்ளி இருந்தாலும் மொட்டை மாடியில் காற்று நேராக வரும்.

இருபத்தைந்து கேவி

வெயிலுக்கு இன்னொன்று. நிக்கல் சில்வர் தண்டவாளம் 9 மீட்டருக்கு 20 டிகிரி ஏறினால் 3 மி.மீ. நீளும். எல்லா மூட்டையும் சால்டர் செய்து இறுக்கிவிட்டால் அந்த 3 மி.மீ. போக இடமில்லாமல் ஏற்றத்தில்தான் முதுகைத் தூக்கும். வளைவில் மூட்டுகளைச் சால்டர் செய்யுங்கள், நேர் பாதையில் செய்யாமல் விடுங்கள். சித்திரை வெயிலில் தண்டவாளம் போட்டால் இடைவெளி வேண்டாம். மார்கழியில் போட்டால் மூட்டுக்கு ஒரு விசிட்டிங் கார்டு கனம் விடுங்கள். சால்டர் செய்யாத மூட்டைத் தாண்டி மின்சாரம் போகும் என்று நம்பாதீர்கள். ஒவ்வொரு துண்டுக்கும் மின்சாரம் கொண்டுவரும் தனி ஃபீடர் கம்பி வேண்டும்.

ஏற்றத்தில் மோட்டார் அதிக மின்சாரம் கேட்கும். மட்டத்தில் தெரியாத மோசமான இணைப்பு அங்கேதான் காட்டிக்கொடுக்கும்: நடு ஏற்றத்தில் வேகம் குறைகிறது என்றால் முதலில் இன்ஜினைத் திட்டாமல் ஃபீடரைப் பாருங்கள். மீட்டருக்கு ஒரு ஜோடி போதும்.

இறக்கத்தில் வேறு தொல்லை. திருகு மாதிரியான வார்ம் கியர் இருப்பதால் இன்ஜின் தானாக உருண்டு ஓடாது. ஆனால் பின்னாலிருந்து 14 வேகன் தள்ளும்போது கியர் தண்டில் இருக்கும் துளி இடைவெளி முன்னும் பின்னும் ஆடும். வண்டி வெட்டி வெட்டி இறங்கும். நிறைய பேர் அதை டிராக் அழுக்கு என்று நினைத்துத் துடைத்துக்கொண்டே இருப்பார்கள். வார்ம் தண்டின் இரு முனையிலும் மெல்லிய வாஷர் போட்டு ஆட்டத்தைக் குறைத்தால் சரியாகிவிடும். டிசிசி (டிஜிட்டல் கட்டுப்பாடு) டிகோடரில் மோட்டாரின் பின்னழுத்தத்தைப் பார்த்து வேகத்தைச் சீராக்கும் வசதி இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள். ஏற்றம் இறக்கம் இரண்டிலும் ஒரே வேகம் வரும். பேங்கர் ஓட்டுகிறவர்கள் மட்டும் இரண்டு இன்ஜினிலும் அதைக் குறைத்து வைக்க வேண்டும், இல்லையென்றால் ஒன்றோடு ஒன்று மல்லுக்கட்டும்.

புதுத் தண்டவாளம் (திருவொற்றியூர்)

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். சாதாரண தெர்மோகோல் போடக்கூடாதா? டிவி வந்த பெட்டியில் நிறைய கிடக்கிறது, எக்ஸ்பிஎஸ் விலை அதிகம்.

எண்ணூர் அலை

பெரிய மேட்டுக்கு, நிரப்புவதற்குப் போடலாம். தண்டவாளத்துக்கு அடியில் வேண்டாம். அந்த வெள்ளை மணிகள் ஒரே சீராக அழுந்தாது. வெட்டினால் ரூம் முழுக்கப் பறக்கும், மோட்டாருக்குள்கூடப் போய் ஒட்டிக்கொள்ளும். எக்ஸ்பிஎஸ் கத்தியால் வெட்டினால் வெண்ணெய் கட்டி மாதிரி முகம் சுத்தமாக வரும், கால்வாய்க் கரைக்கு அதுதான் வேண்டும். கூரை வெப்பத் தடுப்பு, குளிர்பதனக் கிடங்கு வேலை செய்கிறவர்களிடம் கேளுங்கள், துண்டு மிச்சம் இருக்கும்.

இரண்டுக்குமே மஞ்சள் ரப்பர் பசையைத் தொடாதீர்கள். அதில் இருக்கும் கரைப்பான் ஃபோமைக் கரைத்துக் குழி பறித்துவிடும். ஸ்ப்ரே பெயின்டும் அப்படித்தான். தண்ணீரில் கரையும் வெள்ளைப் பசை போதும், ஆனால் பெரிய ஷீட்டின் நடுவில் காற்றுப் போகாமல் நாள்கணக்கில் ஈரமாகவே இருக்கும். கோடு கோடாகத் தடவி, மேலே பாரம் ஏற்றி, பொறுத்திருங்கள்.

மொட்டைமாடி ஜங்ஷன்

பிளான் வரைந்துவிட்டேன். எழுத்தில் சொல்கிறேன்: கதவிலிருந்து உள்ளே வந்தால் இடது பக்கக் குட்டைச் சுவரில் சரக்கு லைன் ஏறத் தொடங்கும், மூலை வளைவைத் தாண்டி நீளச் சுவரில் முதல் பாலம். அங்கே புறநகர் லைனுக்கு மேலே போய் உள்பக்கம் வரும். ஒன்றரை மீட்டர் அப்படியே மேலே ஓடி, இரண்டாவது பாலத்தில் திரும்ப வெளிப்பக்கம். அப்புறம் இறக்கம். புறநகர் லைன் அந்த ஒன்றரை மீட்டரும் சரக்கு மேட்டுக்குப் பின்னால் பள்ளத்தில் போகும். ஸ்டேஷனும் யார்டும் எதிர் நீளச் சுவரில். கதவுத் துண்டில் இரண்டு லைனும் மட்டம்.

இரண்டு பாலத்துக்கும் நடுவில் சரக்கு லைனுக்குக் கீழே ஒரு கால்வாய் வெட்டலாம் என்று பார்க்கிறேன். அங்கே லைன் 4 செ.மீ. உயரத்தில் இருக்கிறது, கால்வாய் 4 செ.மீ. ஆழம். 8 செ.மீ. தெரியும், இல்லையா அக்கா?

எண்ணூர் அலை

தெரியும், ஆனால் அது பார்வையாளர் பக்கம் இருக்க வேண்டும். உங்கள் கண் மட்டத்துக்குப் பலகை எவ்வளவு தாழ்வு? நின்று பார்த்தால் இடுப்பளவு என்றால் எல்லாமே வரைபடம் மாதிரிதான் தெரியும். நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் பாலம் பாலமாகத் தெரியும். கால்வாயின் முன்கரையை இன்னும் 1 செ.மீ. செதுக்கிவிடுங்கள், தண்ணீர் வரை பார்வை போகும்.

புறநகர் லைன் இறங்குகிற பள்ளத்துக்கு இரண்டு பக்கமும் மண்சரிவு வைக்க இடம் இருக்காது. தடுப்புச் சுவர் கட்டுங்கள். கருங்கல் சுவர், அதில் தண்ணீர் வடிய வரிசையாக ஓட்டை, ஓட்டைக்குக் கீழே பாசிக் கறை, மேலே விரிசலில் ஒரு அரசங்கன்று. சுவரொட்டி கிழிந்த மிச்சம். மேலே தரையிலிருந்து குப்பை சரிந்து விழுந்த தடம் ஒன்று. ஆண்டர்சன் தெருவில் மவுண்ட் போர்டு வாங்கி, கல் மூட்டுகளைப் பேனா முனையால் அழுத்திக் கோடு போட்டாலே சுவர் வந்துவிடும்.

கொருக்குப்பேட்டை கேபின்

சரிவு தொடங்குகிற இடத்தில் கிரேடியன்ட் போஸ்ட் நடுவதை மறக்காதீர்கள். சின்னக் கம்பம், இரண்டு பக்கமும் கை. ஏற்றத்துப் பக்கக் கை மேல்நோக்கி, அதில் 50 என்று எழுதுங்கள். மட்டத்துப் பக்கக் கை நேராக. லோகோ பைலட்டுக்கு அதைப் பார்த்துத்தான் பாதை தெரியும்.

தச்சுப்பட்டறை

பாலத்தின் கனம் 15 மி.மீ.க்குள் நிற்க வேண்டும் என்றால் கர்டர் தண்டவாளத்துக்கு அடியில் இருக்கக்கூடாது. இரண்டு பக்கமும் சுவர் மாதிரி பிளேட் கர்டர் நிற்க, நடுவில் தளம் தொங்குகிற வகையாகச் செய்யுங்கள். தளத்துக்கு 6 மி.மீ. பிளைவுட், மேலே தண்டவாளமும் ஸ்லீப்பரும் 5, 6 மி.மீ. அடியில் கொஞ்சம் குறுக்குத் தகடு காட்ட இடம் மிஞ்சும். பலம் எல்லாம் பிளைவுட்டில், கர்டர் சும்மா பிளாஸ்டிக் ஷீட்தான்.

புறநகர் லைன் பாலத்துக்கு அடியில் சாய்வாகத்தானே போகும். பெட்டி வளைவில் உள்பக்கம் நடு வயிறு தள்ளும், வெளிப்பக்கம் முனை தள்ளும். பாலத் தூணை ஒட்டுவதற்கு முன், உங்களிடம் இருக்கும் மிக நீளமான பெட்டியை மெதுவாகத் தள்ளிக்கொண்டு போய், இரண்டு பக்கமும் பென்சில் கட்டி, கோடு விழவிடுங்கள். தூண் அந்தக் கோட்டிலிருந்து ஒரு நூல் தள்ளி நிற்கட்டும்.

பேங்கர் பிரியன்

என் சைடிங்?

மொட்டைமாடி ஜங்ஷன்

வைத்திருக்கிறேன் தல. குட்டைச் சுவரில், ஏற்றம் தொடங்குவதற்கு 40 செ.மீ. முன்னால், மட்டத்தில். ஒரு இன்ஜின் நிற்கும். பேங்கரை நீங்களே கொண்டுவர வேண்டும்.

பிளைவுட் சொல்லிவிட்டேன். 50 மி.மீ. எக்ஸ்பிஎஸ் உதிரியாகத் தரமாட்டேன், கட்டாகத்தான் தருவேன் என்கிறார் கடைக்காரர். எனக்குத் தேவை போகப் பாதிக்கட்டு மிஞ்சும். 1,250-க்கு 600 மி.மீ. ஷீட். வட சென்னைக்குள் யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள், வாங்கின விலைக்கே.

புதுத் தண்டவாளம்

எனக்கு மூன்று ஷீட் எடுத்து வையுங்கள் அண்ணா. டிவி பெட்டித் தெர்மோகோலைக் கொலுப்படிக்கு அம்மா கேட்டிருக்கிறார்கள்.